அம்மாவின் தோளுக்கு ஒரு தகடு

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு சொல்லை மொழிபெயர்த்தேன். இன்னும் அதிலிருந்து மீளவில்லை.

இடம், பதுளையில் எலும்பு கிளினிக். தேயிலை மலையில் கொழுந்துச் சாக்கோடு சறுக்கி விழுந்த அம்மாவுக்குக் காறை எலும்பு — கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு — முறிந்து பல மாதங்களாகின்றன. கழுத்தில் துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டும் பயனில்லை. எக்ஸ்ரேயில் இரு முனைகளும், சமரசத்துக்கு மறுத்த இரு அணிகளைப் போல, இன்னும் விலகியே நிற்கின்றன. வலது கையை உயர்த்தினால் வலி. கொழுந்து எடுக்க முடியாது. சொந்தத் தலையைச் சீவவும் முடியாது.

டாக்டர் சிங்களவர். என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். எலும்பு முனைகளைச் சுத்தம் செய்து, பிளேட் வைத்து ஸ்குரூ முடுக்கி, இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து இடைவெளியை நிரப்புவார்களாம். பெரும்பாலும் சேர்ந்துவிடும். சேராமலும் போகலாம், கிருமியும் தொற்றலாம். வேண்டாமென்றால் இப்படியே விடலாம்... வலியோடு.

முடிவு எங்களுடையதாம்!

நான் விவாதப் போட்டிகளில் பேசுபவன். மேடையில் அணியை நாமா தேர்ந்தெடுக்கிறோம்? சீட்டுக் குலுக்குவார்கள்; விழுந்த பக்கத்தில் நின்று வெல்வோம். இங்கே சீட்டே இல்லை. இரு தரப்புக்கும் என்னிடம் வாதங்கள் இருந்தன. எந்தத் தரப்பு என்னுடையது?

சரி, முதலில் மொழிபெயர்ப்போம் என்று தொடங்கினேன். 'பிளேட்' என்றால் சவர பிளேட் என்று அம்மா பயந்துவிடுவாரே! ஆகவே, மிகுந்த எச்சரிக்கையோடு நல்ல தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தேன்.

"இடுப்புல கொஞ்சம் எலும்பு எடுத்து, தோளுக்குள்ள ஒரு தகடு வைக்கணுமாம்மா."

அம்மாவின் முகம் இருண்டது.

"தகடா?"

"ஆமா. உள்ளுக்கே இருக்கும்."

"ஏன்டா தம்பி, எவனோ வச்ச தகட்ட எடுக்கத்தான் ஊரே பூசாரியத் தேடி ஓடுது. இவரு வைக்கிறேங்கிறாரு. நீயும் சிரிச்சிக்கிட்டே சொல்ற."

செய்வினைக்காரர்கள் மந்திரம் எழுதி வாசலில் புதைப்பதற்கும் அதே பெயர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மருத்துவத் தகடு வேறு, மாந்திரீகத் தகடு வேறு என்று வகைப்படுத்தி முழங்கினேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மெதுவா பேசு. இது மேடையில்ல."

ஒன்றும் புரியாத டாக்டர், மேசையிலிருந்த மாதிரித் தகடு ஒன்றை நீட்டினார். அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்ட ஓட்டையா இருக்கு... எழுத்தும் இருக்கே."

உண்மைதான். பொடி எழுத்துகள். டாக்டரிடம் கேட்டேன், கம்பனி அடையாளமும் அளவுமாம்.

"அளவுதாம்மா எழுதியிருக்காங்க."

"அப்ப, காவலுக்குக் கட்டுற தகடு மாதிரி."

இல்லை என்பதா, ஆம் என்பதா? இல்லை என்றால் எழுந்து போய்விடுவார். ஆம் என்றால் பொய். ஆனால், எலும்பைக் காப்பதும் காவல்தானே — அப்படியானால் அது பொய்யா?

"மந்திரமெல்லாம் இல்லம்மா. எலும்பு சேர்ற வரைக்கும் அசையாம புடிச்சிக்கும், அவ்வளவுதான். சேராமலும் போகலாம்."

அம்மா தகட்டை மேசையில் வைத்தார்.

"புடிச்சிக்கிட்டா போதும். இடுப்புல எடுத்தாலும் என் எலும்புதானே, வெளிய போகல. எனக்குத் தல சீவணும்டா. ஒங்கப்பா சீவி விட்டா கோழி கிண்டுன மாதிரி இருக்கு."

டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "அம்மாக்கு வெளங்கினதா?"

"நல்லா வெளங்குச்சிங்க டாக்டர் ஐயா," என்ற அம்மா, என் பக்கம் குனிந்தார். "நல்ல நாளா பாத்து வைக்கச் சொல்லு."

அம்மாவுக்கு விளங்கியது எது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.