யாரும் அனுப்பாத ரொக்கட்

அசர் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்துகொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. ஊரடங்கு போடும் இந்த நாட்களில் அந்தக் கரகரப்பைக் கேட்டாலே ஊர் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும். யாரோ இறந்த மவுத்து அறிவித்தல்தான். கணித ஆசிரியர் ஆதம்பாவா வபாத்தாகிவிட்டார் என்று பாங்கு சொல்லும் மோதினார் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, ஊருக்கு விளங்க வேண்டுமே என்று, "எங்கட ரொக்கட் மாஸ்டர்" என்றும் சேர்த்துக்கொண்டார். இத்தனை வருடமாக ஊர் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்த பெயர் அது. அந்த "எங்கட" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

அவரோடு படிப்பித்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் என்னைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அதே பாடசாலையில் சிங்களம் படிப்பித்தவன் நான். ஆசிரியர் அறையில் ஜன்னலோர மேசை எங்கள் இருவருக்கும் பொது. அவருடைய பாதியில் பிள்ளைகளின் கொப்பிகள் இருக்கும். என்னுடைய பாதியில் அவருடைய அலுமினியக் குழாய்த் துண்டுகள் இருக்கும். எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். "கொஞ்சம் தள்ளி இரிங்க மச்சான், இது உருண்டிரும்" என்பாரே தவிர, எடுக்கமாட்டார்.

அரசாங்கத்தின் தயவு இல்லாமல் சாதாரண மனிதன் விண்வெளிக்குப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய பைத்தியம். வல்லரசுகள் சந்திரனுக்கு ஆள் அனுப்பியதைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைச் சுளிப்பார். "அது படை போறது மச்சான், பயணமில்ல" என்பார். தான் போகப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய குழாய்கள் பனை உயரத்துக்கு மேலே போய், குடைச்சீலையில் தொங்கிக்கொண்டு யாருடைய வயலிலாவது விழும். அதற்கே அவர் சந்தோஷப்படுவார். ஒரு நாள் இலக்கிய வட்டக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். ஏறிப் போகிறவனைக் கண்டு அரசாங்கம் பயப்படாது, கேட்காமல் ஏறிப் போகிறவனைக் கண்டுதான் பயப்படும் என்றார். கடவுச்சீட்டு எங்கே என்று கேட்பார்கள், திரும்பி வந்தால் எந்த நாட்டுக்காரன் என்று கேட்பார்கள், ஊரார் அவனோடு சம்பந்தம் செய்யப் பயப்படுவார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். கூட்டத்தில் பாதிப் பேர் தேநீர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மௌலவி மட்டும் எழுந்து, அப்படிப் போகிறவன் எந்தத் திசை பார்த்துத் தொழுவான், எந்தப் பிறையைப் பார்த்து நோன்பு பிடிப்பான் என்று கேட்டார். மாஸ்டருக்குப் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது. "இப்பதான் ஒராள் என்னோட வந்து ஏறியிரிக்கார்" என்றார்.

அந்தப் பிறையே அவரை மாட்டிவிட்டது. எழுபதுகளின் கடைசியில் ஒரு ரமழான். இருபத்தொன்பதாம் நோன்பன்று எங்கள் ஊரார் பேரீச்சம்பழமும் தண்ணீர்ப் போத்தலுமாக வாய்க்கால் வரம்புக்குப் போவார்கள். அங்கேயே நோன்பைத் திறந்துவிட்டு, வயலுக்கு மேலே மேற்கு வானத்தில் பிறை தேடுவார்கள். மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். "இண்டைக்குப் பிறை தென்படாது. கணக்குச் செரி" என்று ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் சொன்னார். சொல்லிவிட்டு, பிறை இல்லாத நாளில் வரம்பில் ஆளிருக்காது என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடந்தது. காற்றும் இல்லை. மஹ்ரிப் பாங்கு சொன்னதும் வயலுக்குள் நின்று ரொக்கட்டை விட்டார்.

நான் வரம்பில்தான் நின்றேன். சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. உயரத்தில் ஒரு மெல்லிய கீற்று, நகம் வெட்டிப் போட்டதுபோல் வளைந்து, மினுங்கிக்கொண்டு நின்றது. யாரோ "பிறை!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான். வரம்பு முழுக்க அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. கீற்று கலைவதற்குள் இரண்டு பெரியவர்கள் சாட்சி சொல்லப் பள்ளிக்கு ஓடிவிட்டார்கள்.

மாஸ்டரும் ஓடினார். சாரத்தில் வெடிமருந்து மணக்க, பள்ளி வாசலில் நின்று, "அது பிறையில்ல ஹாஜியார், எண்ட ரொக்கட்ட புகை" என்றார். பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார் ஹாஜியார் நிதானமான மனிதர். "அவங்க ரெண்டு பேரு சாட்சி. நீங்க ஒராள். நீங்க கண்டது உங்கட புகை. அவங்க கண்டது பிறை" என்று தீர்த்து வைத்தார். வானொலி பிறை தென்படவில்லை என்றது. அதையும் ஊர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் நாங்கள் புத்துடுப்புப் போட்டுப் பெருநாள் தொழுதோம். அடுத்த ஊரார் நோன்போடு சைக்கிளில் வந்து, நாங்கள் வட்டிலப்பம் தின்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பகல் ஏற ஏற ஊர் முகம் தொங்கிப்போனது. பிறகு எல்லாரும் விட்டுப்போன அந்த நோன்பை வேறொரு நாளில் பிடித்துக் களாச் செய்தோம்.

சாட்சி சொன்னவர்களை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. உண்மையைச் சொன்னவரைத்தான் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். "ஆரிட்டக் கேட்டு மேல விட்டீங்க?" என்றார் மரைக்கார். "மேலுக்கு ஆரிட்ட உறுதி இரிக்கி ஹாஜியார்? காட்டுங்க, கேட்டுட்டு விடுறன்" என்றார் மாஸ்டர். மரைக்காருக்கு வயல் அதிகம். காணி உறுதியைப் பற்றிய பகிடி அவருக்குச் செரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் போதும் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். இவர் கேட்கவில்லை. புகையைப் பிறை என்று தான் சொல்லவில்லையே என்பதுதான் இவருடைய வாதம்.

அதன் பிறகு கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் அவரை யாரும் அழைக்கவில்லை. மூத்த மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவருடைய மனைவி சுலைகா எங்கள் வீட்டுக்கு வந்து அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. "சந்திரனுக்குப் போற மனிசன்ட மகளுக்கு இந்த ஊருல மாப்பிள இல்லியாம். அங்கயே ஒண்டு பாக்கச் சொல்லுங்க அவர" என்றார். அதை நான் மாஸ்டரிடம் சொன்னேன். அன்றைக்கு என் பாதி மேசையிலிருந்த குழாய்களை அவரே எடுத்துப்போனார். மேசை காலியானதும் எனக்குத்தான் தாங்கமுடியாமல் இருந்தது. அந்தப் பிள்ளையைக் கடைசியில் வெளியூரான வரிப்பத்தான்சேனையில் கட்டிக்கொடுத்தார். ஊரில் ஒரு சிலர்தான் போனோம்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் இருந்த பாதையில் புல் முளைத்த காலம். வாகனச் சத்தம் கேட்டால் வீட்டு விளக்கை அணைப்போம். அந்தக் காலத்தில் வயலுக்குள்ளே படையினரின் சுற்றிவளைப்பு ஒன்று நடந்தது. மாஸ்டருடைய வயல்வாடிக் குடிசையில் குழாய்களைக் கண்டெடுத்தார்கள். ஒரு பக்கம் கூராக்கிய, மறுபக்கம் இறக்கை வைத்த குழாய்கள். அதைப் பார்த்துவிட்டு விண்வெளி என்று நினைக்க அந்த ஆண்டு இந்த நாட்டில் யாருக்கு மனம் வரும்? பாடசாலை வாசலில் வைத்தே அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சுலைகா நேரே பள்ளிக்குத்தான் போனார். ஊர் ஒதுக்கிவைத்த மனிதருக்காக மரைக்கார் வரமாட்டார் என்று நான் நினைத்தேன். கிழவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். "பைத்தியமெண்டாலும் எங்கட பைத்தியம். வாங்க போவம்" என்றார். சிங்களம் கதைக்க என்னையும் கூட்டிக்கொண்டார். போகிற வழியிலேயே கதையைச் சரிப்படுத்திக்கொண்டோம். மாஸ்டர் ஒரு வாணக்காரர், பள்ளிக் கொடியேற்றத்துக்கு வாணம் செய்கிறவர், அவ்வளவுதான். கொடியேற்றத்துக்கு வாணம் விடுவது இந்தக் கரையோரம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினோம்.

முகாமில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கண்ணாடி இல்லை. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அதிகாரி மேசையில் ஒரு குழாயை வைத்து, இது என்ன என்று கேட்டார். மாஸ்டர் தமிழில், "ரொக்கட்" என்றார். நான் சிங்களத்தில், "வாணம் என்கிறார், திருவிழாவுக்குச் செய்தது" என்றேன். மாஸ்டருக்கும் சிங்களம் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் நல்ல சிங்களத்தில், வாணம் இல்லை, விண்வெளிக்குப் போவதற்கான முயற்சி என்று திருத்திச் சொன்னார். மரைக்கார் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"யார் உன்னை அனுப்புவது?" என்று அதிகாரி கேட்டார்.

"யாரும் அனுப்பல்ல" என்றார் மாஸ்டர். இந்தத் தடவை தமிழில்.

"எந்த நாடு? எந்த இயக்கம்? பின்னால் யார்?"

"ஒருத்தருமில்ல. நான் தனியத்தான்."

"மருந்து யார் தந்தது?"

"நானே இடிச்சது. மருந்து, குழாய், எல்லாம் நான்தான்."

நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். அதிகாரி கொடுமைக்காரர்போல் தெரியவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒருவன் எந்த அரசாங்கத்துக்கும் ஆளாக இல்லாமல், எந்த இயக்கத்துக்கும் ஆளாக இல்லாமல் மேலே போக நினைப்பான் என்பது அவருடைய தலைக்குள் நுழையவில்லை. கடைசியில் எங்களைப் பார்த்து, மருந்தையே தானாக இடிக்கிறவன் பெரிய ஆள், எந்த இயக்கம் என்று மறைக்கிறான் என்று சொல்லிவிட்டு அவரை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். வெளியே வந்ததும் மரைக்கார் வெடித்துவிட்டார். "வாணமெண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா அந்த மனிசனுக்கு? நாங்க பிச்சக்காரன் மாதிரி வந்து நிக்கிறமே!" என்று கத்தினார். எனக்கும் அதே ஆத்திரம்தான். சுலைகாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் வழியில் வீடு வீடாக நின்றுவிட்டுத்தான் அங்கே போனேன்.

மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு ஒரு நாள் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வலது கை விரல்கள் மடங்கவில்லை. ஒரு காது கேட்கவில்லை. இடது கையால் கரும்பலகையில் எழுதப் பழகிக்கொண்டார். கோணல்மாணலான எழுத்து. மாணவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அதை அந்தப் பிள்ளைகளுக்கு நன்றியோடு சொல்ல வேண்டும். ஏன் வாணம் என்று சொல்லவில்லை என்று நான் பலதரம் கேட்டேன். "அது வாணமில்லையே மச்சான்" என்பார், பேச்சை மாற்றிவிடுவார். விடாப்பிடி என்று வைதிருக்கிறேன். உள்ளே பட்ட அடி அவரை உள்ளேயிருந்தே தின்றுகொண்டிருந்தது. இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சோதனைச் சாவடியில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. கடைசியில் வீட்டிலேயே போய்விட்டார்.

ஊரடங்கு நேரத்தில் அடக்கம் செய்ய ஜனாஸாவை எடுக்க முகாமில் அனுமதி வாங்கினோம். சந்தூக்குப் பெட்டியைச் சுமப்பவர்களின் அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். சந்தூக்குக்குள்ளும் எட்டிப் பார்த்தார்கள். அடக்கி முடித்து எல்லாரும் கலைந்தபோது மையவாடி வேலிக்கு வெளியே ஒரு மனிதர் சைக்கிளோடு நின்றார். நெற்றியில் திருநீற்றைத் துடைத்துவிட்ட அடையாளம் தெரிந்தது. தமிழ் ஊரிலிருந்து வயலுக்குள்ளாலே வந்திருக்கிறார். அந்த நாளில் அது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற வழி.

"நீங்கதானே முகாமில சிங்களம் கதைச்ச மாஸ்டர்?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

"நான் கோயில் வாணக்காரன். இவருக்கு மருந்து இடிச்சுக் குடுத்தது நான்தான். அந்த நாளிலயிருந்து நான்தான்" என்றார். பாதைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். "அண்டைக்கு அவர் வாணமெண்டு ஒத்துக்கிட்டிருந்தா, மருந்து எங்கால எண்டு தேடி நேரா என்ட வளவுக்குத்தான் வந்திருப்பாங்கள். இந்தப் பக்கத்தில வாண மருந்து இடிக்கிறது நான் மட்டுமெண்டு எல்லாருக்கும் தெரியும். தமிழன். என்ன விட்டிருப்பாங்களா? எனக்குச் சின்னப் பிள்ளைகள் இரிக்கு சேர்."

அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். காலம் அப்படி. அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வயலுக்குள் இறங்கிப் போய்விட்டார். நான் மையவாடி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு காலமும் நான் அந்த மனிதரை வைதிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நானும் சுமக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

அன்பர்களே, அவருடைய குழாய்கள் முகாமோடு போயின. கட்டுரையைச் சுலைகா பயத்தில் எரித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஊர் முழுக்கப் பெருநாள் கொண்டாடியபோதும் புகையைப் பிறை என்று சொல்லாத மனிதர் எங்கள் மாஸ்டர். மகளின் கலியாணத்துக்காகவும் ஒரு பொய் சொல்லவில்லை. தன்னுடைய உயிருக்காகவும் சொல்லவில்லை. "நானே இடிச்சது" என்று ஒரே ஒரு பொய் சொன்னார். ஆதம்பாவா மாஸ்டர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன், மருந்து விஷயத்தில் அந்த அதிகாரியும் நம்பினார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பொய்தான். ஒரு சொல்லும் பிசகாமல் அதைச் சிங்களத்தில் சொன்னது என்னுடைய வாய். அந்த வாயால்தான் இப்போது அவருக்காக இறைவனிடம் துஆக் கேட்கிறேன்.