ஈலிங்கில் ஒரு பிஸ்ஹார்மோனியா

காலை 9.40. மனோர் பார்க் ரயில் நிலையத்தில் நாங்கள் மூவரும், இழுத்துச் செல்லும் சக்கரப் பை ஒன்றும் நின்றிருந்தோம். பைக்குள் மடித்த போர்வை. ஆர்மோனியப் பெட்டி ஒன்றை வாங்கி, போர்வையில் சுற்றி, பையில் வைத்து இழுத்து வருவதாகத் திட்டம்.

சிவநேசன் என்னோடு திருச்சியில் படித்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் இருபத்திரண்டு ஆண்டுகளாக பஸ் ஓட்டுகிறார். மனைவி பவானிதான் அவர்கள் பஜனைக் குழுவில் முன்பாட்டு. சென்ற ஆண்டு அவருக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை. குரல் திரும்பிவிட்டது என்று டாக்டர் சொல்லியும் அவருக்கு நம்பிக்கை திரும்பவில்லை. இன்று மாலை வீட்டில் பஜனை; பத்துப் பேரை மட்டுமே அழைத்திருந்தார்கள். ஓராண்டுக்குப் பின் முதல்முறை. அதற்கென்றே பார்த்ததுபோல் பழைய பெட்டியின் துருத்தி கிழிந்துவிட்டது. "பெட்டி இல்லாமல் நான் வாய் திறக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாளில் நான் மதுரைக்குத் திரும்ப வேண்டும். அந்தக் குரலைக் கேட்காமல் போக எனக்கு மனமில்லை.

எலிசபெத் லைனில் நாற்பது நிமிடப் பயணம். வண்டியில் சிவநேசன் கைப்பேசியில் விளம்பரத்தைக் காட்டினார். விலை தொண்ணூறு பவுண்ட். படத்தில் கட்டைகள் மட்டும் தெரிந்தன. மேலே 'பிஸ்ஹார்மோனியா' என்று எழுதியிருந்தது.

"பேர்தான் ஒரு மாதிரி, மச்சான். சாமான் அதுதான்" என்றார்.

10.40. ஈலிங் பிராட்வேயில் இறங்கிப் பன்னிரண்டு நிமிடம் நடந்தோம். கதவைத் திறந்த ஹலினா, எழுபது வயதுப் போலந்துக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ். வாசலிலேயே காலணியைக் கழற்றச் சொன்னார். நம் வீடு போலவே இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். கூடத்துக்குள் போனதும் மகிழ்ச்சி வடிந்தது. என் நெஞ்சு உயரத்துக்கு, பீரோ மாதிரி நின்றது பிஸ்ஹார்மோனியா. கீழே கால் வைத்து மிதிக்க இரண்டு பலகைகள். தரையில் சம்மணமிட்டுப் பாடும் கூட்டத்துக்கு நடுவே இதை எங்கே வைப்பது? மூன்று பேரும் சக்கரப் பையைப் பார்த்தோம்.

"ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர். நாங்கள் வாங்கிக்கொண்டோம். செக் நாட்டவரும் ரஷ்யர்களும்கூட ஏறக்குறைய இப்படித்தான் சொல்வார்கள்" என்றார் ஹலினா. வந்ததற்கு வாசித்தாவது பாருங்கள் என்று முக்காலியை இழுத்துப் போட்டார்.

சிவநேசன் உட்கார்ந்தார். வலக்கை கட்டைமேல் போனது; இடக்கை பழக்கதோஷத்தில் பின்பக்கம் போய்த் துருத்தியைத் தேடிச் சுவரைத் தடவியது. ஹலினா கீழே காட்டினார். சுட்டதுபோல் காலை இழுத்துக்கொண்டார் சிவநேசன்.

"வாத்தியத்தைக் காலாலை மிதிக்கிறதோ? சரஸ்வதியெல்லோ!"

"நாள் முழுக்க பஸ்ஸிலை மிதிக்கிறியள்தானே" என்றார் பவானி.

"பஸ்ஸை நான் ஒருநாளும் கும்பிட்டதில்லை."

நான் நெளிந்துகொண்டே இதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஹலினா சிரிக்கவில்லை. அவருடைய கணவர் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கு வாசித்தவராம். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் கால்கள் செயலிழந்துவிட்டன. அவர் கட்டைகளை வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து மிதித்தது ஹலினா. இப்போதும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கால் நான் தருகிறேன்" என்றார்.

சிவநேசன் கட்டைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுருதி பிடித்தார். நம் பெட்டியைவிடக் கனமான நாதம்; தரையெல்லாம் அதிர்ந்தது. ஜன்னலோரம் நின்ற பவானி, யாரும் கேட்காமலே, முருகன் பாட்டு ஒன்றை மெல்ல எடுத்தார். இரண்டாம் வரியில் மேலே ஏறும்போது குரல் உடைந்தது. சிவநேசன் பயந்து திரும்பினார். ஹலினாவுக்கு அது பிழையா சரியா என்றே தெரியாது. தன் போக்கில் மிதித்துக்கொண்டிருந்தார். சுருதி அசையாமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. பவானி அதே வரியை மறுபடி எடுத்து, அதே இடத்தில் ஏறி, கடந்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை.

எலுமிச்சைத் தேநீரும் கசகசா கேக்கும் தந்தார் ஹலினா. வாங்க முடியாத காரணத்தைச் சொன்னோம். அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. விடைபெறும்போது பவானியின் கையை நெடுநேரம் பிடித்திருந்தார்.

பகல் 1.15. திரும்பும் வண்டி. மதுரையில் எங்கள் தெருக் கோயிலிலும் ஒரு பெட்டி உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. ஊரில் பிறந்ததாகவே எண்ணம். அதற்கு இப்படி ஓர் ஆஜானுபாகுவான அண்ணன் ஈலிங்கில் இருப்பதை ஊரில் சொன்னால் நம்புவார்களா தெரியவில்லை.

சிவநேசன் மிருதங்கக்காரரைக் கைப்பேசியில் அழைத்தார். "பெட்டி கிடைக்கேல்லை. இண்டைக்குப் பஜனையை..."

பவானி கைப்பேசியை வாங்கிக்கொண்டார். "ஆறு மணிக்கு வாங்கோ. பெட்டி இல்லாட்டிப் பரவாயில்லை, நான் பாடுறன்."

மனோர் பார்க்கில் இறங்கியதும், பை சும்மா போகிறதே என்று அவித்துக் கொடுக்கக் கடலை வாங்கக் கடைக்குள் நுழைந்தார் பவானி. ஐந்து கிலோ கேட்டார். பத்துப் பேருக்கு ஒரு கிலோ போதாதா என்றேன்.

"ஆர் சொன்னது பத்துப் பேரெண்டு, அண்ணை?"