ஐந்தாம் வருஷப் படமும் அம்மன் திருநீறும்

எனக்கு வலது மார்பில் புற்றுக் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, மருந்து ஏற்றி, கரண்ட் என்கிற கதிர்வீச்சும் வைத்து நாலு வருஷம் முடிந்திருந்தது. போன ஐப்பசியில் ஐந்தாம் வருஷப் பரிசோதனை. அதற்குப் பத்து நாள் முன்னாலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் தூக்கம் இல்லை. கை தன்னால் தழும்பைத் தடவிப் பார்க்கும். நேற்று இல்லாத ஒன்று இன்று இருக்கிறதோ என்று தேடும்.

அந்தப் பயத்திலிருந்து அம்மை முத்தாரம்மன் என்னை எப்படிக் கரையேற்றினாள் என்பதை நம் கோயில் கொடைத் திருவிழா மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஆழ்வார்குறிச்சிப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். பெயர் செண்பகம். பருப்புக்கு உப்பு போடத் தெரிந்த அளவுக்கு எனக்கு எழுதத் தெரியாது. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

பயத்துக்குக் காரணம் உண்டு. என்னோடு ஒரே வாரத்தில் ஆபரேஷன் ஆனவள் ஒருத்தி, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவள். நாலு வருஷமும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே நாளில்தான் தேதி வாங்குவோம். அவள் கொண்டுவருகிற புளியோதரையில் பாதி எனக்கு. ஆடி மாதம் அவளுக்கு மறுபடி வந்துவிட்டது, ஈரலில். புரட்டாசியில் போய்விட்டாள். துஷ்டி கேட்கப் போனபோது அவளுடைய ஆஸ்பத்திரி ஃபைல் அலமாரிக்கு மேலே இருந்தது. என்னுடையது மாதிரியே மஞ்சள் பையில். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்துதான் எனக்கு இந்த நடுக்கம்.

பரிசோதனை வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனேன். பூசாரி கை நிறையத் திருநீறு அள்ளித் தந்தார். "ஒண்ணும் செய்யாது, பைய போய்ட்டு வா தாயி" என்றார். வியாழன் விடியற்காலையில் குளித்துவிட்டு அந்தத் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, தழும்பு முழுக்க, அக்குள் வரைக்கும் அப்பினேன். முந்தின வருஷங்களில் அப்படிச் செய்ததில்லை. நெற்றிக்கு ஒரு கோடுதான், மிச்சமெல்லாம் நெஞ்சுக்கு. அம்மை கையால் மூடிவிட்டால் எது உள்ளே வந்துவிடும் என்று நினைத்தேன். மீதியைப் பொட்டலமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் பஸ்ஸில் நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். அவர் வயல் வேலைக்காரர். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வருவார், அதற்கு மேல் கால் வராது. எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். அதை நான் குறை சொல்வதில்லை. நான் ஆபரேஷனுக்கு உள்ளே போன அன்றைக்கு அவர் அந்த டீக்கடையிலேயே மயங்கி விழுந்தவர்.

பாளையங்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரியாத மூலை இல்லை. எந்த ஜன்னலில் முதலில் டோக்கன் போடுவார்கள், எந்த மின்விசிறி சுற்றாது, எல்லாம் தெரியும். ரத்தம் எடுக்கிற பெண் வருமுன்னே இடது கையை நீட்டிவிடுவேன். வலது அக்குளில் நெறிகட்டியை எடுத்திருப்பதால் அந்தக் கையில் ஊசி குத்தக் கூடாது. தாலியைக் கழற்றாமல் முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டு மார்பை எக்ஸ்ரே படம் எடுத்துக்கொள்கிற வித்தையும் எனக்குத் தெரியும். இதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. புதிதாக யாராவது திருதிருவென்று முழித்தால் நானே போய் வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

அன்றைக்கு அகப்பட்டவள் ஆமினா. கடையநல்லூர்க்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் துபாயில். முதல் தடவையாகப் படம் எடுக்க வந்து, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல ரத்தம் குடுத்துரு. பொறவு காப்பி குடி. படம் எடுக்கும்போது நெஞ்ச அமுக்கும், ஒரு நிமிசந்தான், மூச்சப் புடிச்சுக்கோ. பவுடரு, சென்ட்டு எதுவும் போட்டுருக்கியா?"

"பவுடரு போட்டுருக்கேன்க்கா."

"நல்லா இருக்கு. படத்தக் கெடுத்துரும். போயி சோப்பு போட்டுக் கழுவிட்டு வா."

அவள் போய்க் கழுவிவிட்டு, கழுத்தெல்லாம் ஈரத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நேரத்தில் மட்டும் எனக்குப் பயம் விட்டிருந்தது. என் பெயரைக் கூப்பிட்டதும் திரும்ப வந்துவிட்டது. உள்ளே படம் எடுக்கிற பெண், "பவுடர் எதுவும் போட்டிருக்கீங்களாம்மா?" என்று வழக்கம்போலக் கேட்டாள். "நாலு வருசமா வாறேன், எனக்குத் தெரியாதா?" என்றேன். பஸ் வியர்வையில் திருநீறு தோலோடு தோலாகப் போயிருந்தது. அரை இருட்டு அறையில் அவள் கண்ணுக்கும் படவில்லை.

பதினொன்றரை மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டார். நாலு வருஷமாக என்னைப் பார்க்கிறவர். எப்போதும் போனதும் "இன்னைக்குப் பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்பார். அன்று கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் போன வருஷப் படத்தையும் இந்த வருஷப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"செண்பகம், தழும்புப் பக்கத்துல புதுசா கொஞ்சம் புள்ளி தெரியுது. அக்குள் கிட்டயும் இருக்கு. பொடிப்பொடியா, சுண்ணாம்பு மாதிரி. போன வருஷம் இது இல்ல. ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். மூணு மணிக்குப் பெரிய டாக்டர் வந்ததும் முடிவு செய்யலாம். பயப்படாம இருங்க."

பயப்படாமல் இருங்க என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று பழைய நோயாளிக்குத் தெரியும். எப்படி எழுந்து வந்தேன் என்று தெரியவில்லை. கல்லிடைக்குறிச்சி வீட்டு அலமாரியும் மஞ்சள் பையும்தான் கண்ணுக்கு முன்னால் நின்றன. தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். மணவறையில் அவளுக்குப் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன் என்றே முடிவு செய்துவிட்டேன். மறுபடி அந்த மருந்து, அந்த வாந்தி, மொட்டைத் தலை. இந்தத் தடவை என்னால் முடியாது. முடியவே முடியாது.

வீட்டுக்காரர் வாசலில் இட்லிப் பொட்டலத்தோடு நின்றார். "என்ன ஏட்டி, என்ன சொல்லுதாங்க?"

"ரிப்போட்டு வரல. மூணு மணி ஆவுமாம்."

கல்யாணம் கட்டி இருபத்தெட்டு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் அது. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதற்குக் கீழே சிமெண்டு பெஞ்சு. அங்கே போய் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டுச் சண்டை போட்டேன், அம்மையோடுதான். "உன் திருநீற அப்பிக்கிட்டுத்தான வந்தேன். உன் கையால மூடித்தான வந்தேன். அதுக்குள்ளயும் வந்துட்டே, நீ எங்க போன?" என்று கேட்டேன். சண்டையும் ஓய்ந்துபோயிற்று. கடைசியில், "தாயே, எனக்கு ஒண்ணும் தெரியல. எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சது தப்பு. நீயே ஒரு வழியக் காட்டு" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். மீதித் திருநீற்றைக் கையில் கொட்டிக்கொண்டு, முந்தானையை மறைத்து, ரவிக்கைக்குள் கையை விட்டுத் தழும்பின் மேல் மறுபடியும் பூசினேன். விரலெல்லாம் வெள்ளை.

"அக்கா, என்னது பூசுதிய?"

ஆமினா. என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அம்மன் திருநீறு."

"காலையிலயும் பூசிட்டுத்தான் வந்தியளா?"

"பின்ன? பூசாமலா வருவேன்?"

அவள் தயங்கினாள். "தப்பா நெனச்சுக்காதியக்கா. எம் பவுடரக் கழுவச் சொன்னியளே. இது படத்துல விழாதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அம்மன் திருநீறும் உன் பவுடரும் ஒண்ணா?" என்று கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே என் விரலைப் பார்த்தேன். பொடிப்பொடியாக, சுண்ணாம்பு மாதிரி. டாக்டரம்மா சொன்ன அதே சொல். நாலு வருஷத்தில் பவுடர், சென்ட், எண்ணெய் என்று எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருப்பேன். திருநீறும் ஒரு பொடி என்று என் புத்திக்கு ஒரு தடவைகூட எட்டவில்லை. நமக்கு அது சாமி. இயந்திரத்துக்கு அது தெரியுமா?

ஓடினேன். டாக்டரம்மா சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார். வழியை மறித்துச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சுத்தமா துடைச்சிட்டு மறுபடி எடுப்போம்" என்று சீட்டில் எழுதித் தந்தார். இல்லாமலும் இருக்கலாம் என்ற வார்த்தை நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது.

படம் எடுக்கிற பெண் ஈரப் பஞ்சைத் தந்தாள். வாங்கிக்கொண்டேன். துடைக்கக் கை வரவில்லை. உங்களுக்குப் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன். அம்மை போட்ட காப்பை நானே அழிக்க வேண்டும். அழித்த பிறகும் புள்ளி இருந்தால்? அப்போது எனக்கு நோயும் இருக்கும், காப்பும் இருக்காது. "நான் துடைச்சு விடட்டுமாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "வேண்டாம், நானே செய்யுதேன்" என்றேன். கண்ணை மூடி, "தாயே, உன்னத் துடைக்கேன்னு நெனச்சுராத. தோலுக்கு மேலே இருந்தது போதும், உள்ள வந்து இரு" என்று சொல்லிக்கொண்டே துடைத்தேன். தழும்பின் மடிப்பு, அக்குள், ஒரு இடம் விடவில்லை. மறுபடி படம் எடுத்தார்கள். பஞ்சைக் குப்பையில் போட மனசு ஒப்பவில்லை. காகிதத்தில் மடித்து, கால் படாதபடி வேப்பமரத்து மூட்டில், வேர் இடுக்கில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று மணிக்கு வர வேண்டிய பெரிய டாக்டர் நாலு மணிக்குத்தான் வந்தார். அந்த நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று என்னால் எழுத முடியாது. கதவு திறக்கிறபோதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஆமினா என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள்ளே அவளுடைய துஆவை ஓதிக்கொண்டிருந்தாள். நான் அம்மையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு டாக்டர்களும் படத்தைப் பார்த்தார்கள். காலை எடுத்தது ஒரு பக்கம், மத்தியானம் எடுத்தது ஒரு பக்கம். பிறகு டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"ஒரு புள்ளி கூட இல்ல செண்பகம். அடுத்த வருஷம் வாங்க. சரி, இன்னைக்குப் பிள்ளைகளுக்கு யாரு சமைக்கா?"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். டீக்கடையில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "ஏட்டி, எதுக்கு அழுத?" என்றார். "பசிக்கி" என்றேன். அவரும் அழுதார். காலையில் வாங்கின இட்லியை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து தின்றோம். இத்தனை வருஷத்தில் நான் தின்ற நல்ல சாப்பாடு அதுதான்.

திருநீற்றால் வந்த வினை, துடைத்ததும் போயிற்று, இதில் அம்மன் எங்கே வந்தாள் என்று என் மகளே கேட்டாள். நான் சொல்கிறேன். வழியைக் காட்டு என்று கேட்டேன். கேட்ட வாய் மூடுமுன் ஆமினா வந்து நின்றாள். கழுவு என்று காலையில் நான் அதிகாரம் பண்ணின பிள்ளையின் வாயாலேயே, நீ கழுவு என்று அம்மை எனக்குச் சொல்ல வைத்தாள். என் மண்டைக்கனத்தை இறக்கி, ஊசியிலிருந்தும் என்னைத் தப்புவித்தாள். இதற்கு மேல் ஒரு தாய் என்ன செய்வாள்?

ஒன்றை மறைத்தால் இந்த எழுத்து பொய்யாகிவிடும். அன்றைக்குப் பஸ் ஏறின பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆமினாவுக்கு என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவே இல்லை. மறுநாள் போன் போட்டேன். அவளுக்கு அடுத்த வியாழன் சதை எடுக்கத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் என்னைத் தேடி வேப்பமரத்துக்கு வந்திருக்கிறாள். தன் பயத்தைச் சொல்ல வந்தவள், என் பயத்தைத் தீர்த்துவிட்டுப் போனாள். அந்த வியாழன் நான் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். வகுப்பு எடுக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அவளுக்கு வந்திருந்தது நோய்தான். ஆபரேஷன் ஆகி, மருந்து முடிந்து, இப்போது முடி முளைக்கிறது. அவளுக்காக ஒவ்வொரு செவ்வாயும் நம் கோயிலில் விளக்குப் போடுகிறேன். எனக்காக அவள் துஆ செய்கிறாள். தையில் என் மகள் கல்யாணத்துக்கு, மருந்தில் முடி கொட்டின தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனாள்.

அம்மையின் பிள்ளைகளே, பயந்துகொண்டு வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தேதி வந்தால் போங்கள். கேட்டதற்கெல்லாம் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், கேட்காததையும் சொல்லுங்கள். எனக்குத் தெரியாது, நீயே காட்டு என்று அம்மையிடம் சொல்லிப் பாருங்கள். எந்த முகத்தில் அவள் வந்து நிற்பாள் என்று நமக்குத் தெரியாது, வருவாள்.

இந்த ஐப்பசியில் எனக்கு மறுபடி தேதி இருக்கிறது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அம்மை சிரிப்பாள். பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தோடுதான் போவேன். ஆனால் நெற்றியில் மட்டும் ஒரு கோடு போட்டுக்கொண்டு, நெஞ்சில் ஒன்றும் பூசாமல் போவேன்.