கரி பஸ்ஸின் கறுப்பு நீர்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் பக்கத்துப் பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடின. பஸ்ஸின் பின்புறம் ஆளுயர இரும்புத் தொட்டி இருக்கும். அதில் கரி கனன்று வரும் வாயுதான் எஞ்சினை ஓட்டியது. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

நான் சென்னையில் சுகாதாரப் பயிற்சி முடித்து வந்திருந்த புதிது. புதுச்சத்திரத்துப் பக்கம் பிள்ளை பெற்ற பெண்களையும் குடிதண்ணீரையும் கவனிப்பது என் வேலை. நான் தங்கியிருந்த ஊர் நாலு மைல் தள்ளி. தினமும் அந்தப் பஸ்ஸில்தான் வருவேன். எதைப் பார்த்தாலும் எண் போட்டு எழுதிக்கொள்வேன்.

சாலையோரக் கிணற்றடியில் பஸ்ஸை நிறுத்தி டிரைவர் மூன்று காரியம் செய்வார். ஒன்று, தொட்டியின் சாம்பலைக் கொட்டுவார். இரண்டு, வாயுவை வடிகட்டும் டப்பாவில் தேங்கிய கறுப்பு நீரைத் திறந்துவிடுவார். மூன்று, கிணற்றில் நீர் இறைத்து எஞ்சினுக்கு ஊற்றுவார். பாத்திரம் துலக்க அந்தச் சாம்பலை அள்ளிப்போகப் பெண்கள் கூடையோடு காத்திருப்பார்கள். அதனாலேயே கறுப்பு நீரையும் எல்லோரும் சாம்பல் தண்ணீர் என்றே நினைத்தார்கள். அது தார் கலந்த நீர். கல்லிடுக்கு வழியாகக் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மாசி மாதம் பிள்ளை பெற்று இருபது நாளான ஒருத்தி சொன்னாள்: "சோத்துலகூட வாடைங்க. வாயில வெச்சா வயித்தப் பொரட்டுது. நான் திங்காம புள்ளைக்குப் பாலு எப்படிங்க ஊறும்?" வேறு நல்ல தண்ணீர் அந்த ஊரில் இல்லை.

டிரைவரிடம் போனேன். "இதை வேற எடத்துல ஊத்துங்க."

"சாம்பத் தண்ணிங்க அம்மிணி. பல்லே வெளக்கலாம்."

"அப்ப வெளக்கிக் காட்டுங்க."

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது. அவர் முகம் மாறியது. "நாளைலருந்து அம்மிணி நடந்தே வரட்டும். காலுக்குக் கரி வேண்டாம் பாருங்க."

மறுநாள் கை காட்டினேன். பஸ் நிற்கவில்லை. நடந்தேன். நடக்கும்போதே அந்தப் பஸ்ஸுக்கு எதெதெல்லாம் இல்லாமல் முடியாது என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். கரி சேலத்திலிருந்து வருகிறது. தள்ளுவதற்கு ஆட்கள் உள்ளேயே இருக்கிறார்கள். தண்ணீர் மட்டும் எங்கள் கிணற்றில். கயிறும் வாளியும் பெண்களுடையவை.

கறுப்பு நீரை வேறிடத்தில் ஊற்றும்வரை டிரைவருக்குக் கயிறு தரவேண்டாம் என்றேன். பெண்கள் முதலில் ஒப்பவில்லை. "அவரு நிக்காமப் போயிட்டா சாம்பலுக்கு எங்கீங்க போறது?"

"தண்ணி ஊத்தாம அந்த வண்டி ரெண்டு மைல் தாண்டாதுங்க."

சாலைக்கு அந்தப்புறம், தாழ்வான பக்கத்தில் குழி வெட்டி, உள்ளே களிமண் பூசினோம். பஸ் வரும் நேரத்துக்கு அந்தப் பிள்ளைக்காரி கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தாள். பஸ் ஆவி கக்கிக்கொண்டு வந்து நின்றது.

"கவுறு எங்கீங்க?" என்றார் டிரைவர்.

"இங்கதானுங்க இருக்குது. மொதல்ல அந்தக் கறுப்ப அந்தக் குழியில ஊத்திப்போட்டு வாங்க."

"எஞ்சின் கொதிக்குதுங்க."

"எங்களுக்கும் அப்படித்தானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் குழியைப் பார்த்தேன். தகர டின்னில் கறுப்பு நீரைப் பிடித்துச் சாலையைக் கடந்தார். டின் சிறியது, இரண்டு நடை ஆயிற்று. பிறகுதான் கயிறு அவர் கைக்குப் போனது.

குழியில் ஊற்றியதால் தார் மறைந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். கிணற்றுக்குள் வராமல் இருந்தது, அவ்வளவுதான். ஏற்கெனவே இறங்கியிருந்த வாடை போக ஐப்பசி மழை வரவேண்டியிருந்தது. அதுவரை கயிறு ஒவ்வொரு நாளும் ஒருத்தி மடியில் இருந்தது.

டிரைவர் அதன் பிறகும் என்னை ஏற்றவில்லை. நானும் கை காட்டவில்லை. அந்தக் கோடை முழுக்க நடந்தே வந்து, முதல் வேலையாகக் குழியை எட்டிப் பார்த்தேன்.