கறுப்பின் மேல் கறுப்பு

எங்கள் கம்பெனியில் ஏசி போட்ட அறை ஒன்றுதான். முதலாளி அரசப்பன் சாருக்கே அதில் இடமில்லை. கம்ப்யூட்டரும் சாலிஹாவும்தான் இருப்பார்கள். கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஸ்டெபிலைசர் செய்யும் சின்னக் கம்பெனி. உள்ளே வைக்கும் சர்க்யூட் போர்டைத் திரையில் வரைபவள் சாலிஹா. அச்சாகி வந்த போர்டில் பாகங்களைப் பற்றவைப்பது நானும் ரோசம்மாளும் இன்னும் நாலைந்து பேரும். நாங்கள் வேர்வையில் நனைந்துகொண்டிருப்போம், அவள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு குளிருகிறது என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவள்மேல் கோபம் நிற்காது, அப்படி ஒரு முகம்.

பழவேற்காட்டுப் பெண். பஸ்ஸில் பொன்னேரிக்கு வந்து அங்கே என்னோடு ரயிலேறுவாள். நிக்காஹ் ஆன நாலாம் மாதமே புருஷன் அர்ஷத் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். நான் சொல்வது போன வருடம், 2006இல் நடந்தது. அவன் போய் மூன்று வருடமாகியிருந்தது. நடுவில் ஒருமுறை லீவு வந்தும், அதைச் சம்பளமாக வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து போன் செய்வான். எங்களுக்கு அது டீ நேரம். கேட்டுக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் அவள் பேசுவது எங்கள் எல்லோர் காதிலும் விழும். சாப்பாடு, வெயில், மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் பேசுவாள். எப்போது வருவீர்கள் என்று மட்டும் கேட்கமாட்டாள்.

"மாமி சொல்லிக்கிறாங்க விக்டோரியாக்கா. வெளிநாட்டுல இருக்கறவங்கள அப்டி கேக்கக்கூடாதாம். மனசு ஒடஞ்சி, வேலைல கவனம் பூடுமாம்."

"நீ கேக்காத. போன என்கிட்ட குடு, நான் கேக்கறேன்" என்றேன். சிரித்தாள்.

அவளுடைய திரையைப் பார்க்க வேண்டும். பின்னணி முழுக்கக் கறுப்பு. எதற்கு என்ன நிறம் என்று முடிவு செய்ய அந்த சாப்ட்வேரில் தனியாக ஒரு கட்டம் திறக்கும். மின்சாரம் ஓடும் தடத்துக்குச் சிவப்பு, எர்த்துக்குப் பச்சை, எழுத்துக்கு வெள்ளை என்று பார்த்துப் பார்த்து வைத்திருப்பாள். இன்னும் இணைக்காத முனைகளுக்கு நடுவே மெல்லிய மஞ்சள் கோடு தெரியும். சாருக்கு அது கண்ணை உறுத்தும்.

"அந்த மஞ்சள ஆப் பண்ணும்மா, படம் சுத்தமா தெரியட்டும்."

"ஆப் பண்ணா நம்ம கண்ணுக்குத்தான் சார் தெரியாது. பாக்கி வேலை பாக்கிதான்" என்பாள்.

இவ்வளவு தெரிந்தவள்தான் அந்தக் காரியம் செய்தாள். புதுப் போர்டு ஒன்றில், டிரான்ஸ்பார்மர் உட்காரும் காலி இடத்தில், ஆங்கில எழுத்தில் 'எப்போ வருவீங்க மச்சான்' என்று தட்டிவைத்தாள். வாய்விட்டுக் கேட்கமுடியாததைப் பார்த்துக்கொண்டாவது இருக்கலாம் என்றுதான். யாராவது வரும் சத்தம் கேட்டால் எழுத்தின் நிறத்தைக் கறுப்பாக்கிவிடுவாள். கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்து, யாருக்குத் தெரியும்? ஆள் போனதும் மறுபடி வெள்ளை.

போர்டு அச்சடிக்கிறவர்களுக்கு பைலை அனுப்புமுன் அழித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். அன்றைக்கென்று பார்த்து சார் பக்கத்திலேயே நின்று அவசரப்படுத்தினார். எழுத்து கறுப்பாகவே கிடந்தது. கண்ணில் படாததால் நினைவுக்கும் வரவில்லை. பைல் போய்விட்டது.

ஒரு வியாழக்கிழமை ஐந்நூறு போர்டு வந்து இறங்கியது. கட்டைப் பிரித்தவள் ரோசம்மாள். திரையில் என்ன நிறமானாலும் அச்சில் எழுத்து வெள்ளைதான்; பச்சைப் போர்டில் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள்.

"இன்னாடி இது, போர்டு நம்மள மச்சான்னு கூப்டுது!"

மேஜையே குலுங்கியது. நானும்தான் சிரித்தேன். அப்புறம்தான் ஏசி அறைக் கதவில் சாலிஹா நிற்பதைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

சார் குதிப்பார் என்று பயந்தோம். ஒரு போர்டைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மேல டிரான்ஸ்பார்மர் உக்காந்துடும், வெளிய தெரியாது. ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள்.

அன்று முழுக்க அந்த எழுத்தின் மேல் டிரான்ஸ்பார்மரை வைத்து வைத்துப் பற்றவைத்தேன். சாயங்காலம் ரயிலில் அவளிடம் சொன்னேன்: "ஐந்நூறு தபா கேட்டுட்ட. இன்னும் ஒரே ஒரு தபா அவர்கிட்டயே கேட்டுடேன்."

மறுநாள் போன் வந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றோம். ஸலாம் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்போ வருவீங்க மச்சான்?"

அதன்பிறகு அவன்தான் பேசினான். இவள் "உம்" மட்டும் சொன்னாள். போனை வைத்ததும் ஓடிப்போய்க் கேட்டேன், "இன்னா சொன்னாரு?"

"போன வாரந்தான் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து போட்டாராம்."

"அய்யோ."

"இத்தினி வருசத்துல நீ ஒரு வாட்டி கூட கேக்கலியே, நான் வந்தாலும் வராட்டியும் உனக்கு ஒண்ணுதான்னு நெனச்சிக்கினு இருந்தேன்னு சொல்றாருக்கா."

மணி அடித்ததும் உள்ளே போனோம்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை போன் வந்தால், ஸலாம் சொன்ன கையோடு அதைத்தான் முதலில் கேட்கிறாள். எஸ்டேட் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்கிறாள். அவன் வர இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.