அட்டையில் இல்லாத வசனம்

சபையாரே, ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் வயிறு எரிந்துகொண்டே நிற்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மேல்தான் கோபம். இன்னொருவர் மேலும் கோபம்.

போன ஆவணியில், விளாத்திகுளம் பக்கம் உள்ள எங்கள் மிளகாய்க் காட்டில் முள் வெட்டும்போது, என் வீட்டுக்காரர் காலில் கருவேல முள் ஏறிவிட்டது. அவருக்குச் சர்க்கரை நோய். வலியே தெரியவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் உள்ளங்காலில் பெரிய புண்.

புது வருஷ ஆராதனையில் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுப்போமே, அந்த வருஷம் எனக்கு வந்தது, குணமாக்குவேன் என்று கர்த்தர் சொல்கிற வசனம். சட்டம் போட்டுக் கதவுக்கு மேல் மாட்டியிருந்தேன். இருபது வருஷமாக என் வேத வாசிப்பு அவ்வளவுதான், வருஷத்துக்கு ஒரு வரி! வேதாகமத்தை ஜிப் உறையோடு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவேன், அப்படியே கொண்டுவந்து வைப்பேன்.

வீடு வீடாக ஜெபிக்க வருகிற ஊழியர் ஒருவர் அந்த அட்டையைப் பார்த்தார்.

“சிஸ்டர், கர்த்தரே வாக்கு குடுத்திருக்காரு. பிறகு எதுக்கு மாத்திரை, கட்டு? அது அவிசுவாசம்லா?”

நான் மண்டையை மண்டையை ஆட்டினேன். மாத்திரைகளை எடுத்து ஒளித்து வைத்தேன். என் வீட்டுக்காரர் கெஞ்சினார்.

“ஏட்டி, கால் மரத்துப்போய்க் கிடக்கு. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவமா?”

“சும்மா கிடங்க. உங்க அவிசுவாசத்தாலதான் ஆறாம கிடக்கு” என்றேன். அந்த வாயை என்ன செய்தால் தகும்?

பத்தே நாளில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. காய்ச்சல் அனலாய் அடித்தது. ஊழியரைக் கூப்பிட்டால், வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். விடியற்காலையில் தரையில் விழுந்து அழுதேன். “ஆண்டவரே, நீர் சொன்னீரா இல்லையா? அவரைக் கொல்லப் போகிறீரா? எனக்கு விளங்கவில்லை, நீரே சொல்லும்” என்று கத்தினேன்.

கத்திவிட்டு அட்டையைக் கழற்றினேன். மூலையில் சின்ன எழுத்தில் இடம் போட்டிருந்தது. இரண்டாம் இராஜாக்கள், இருபதாம் அதிகாரம். சண்டை போடத்தான் வேதாகமத்தைத் திறந்தேன். எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறார், அழுது ஜெபிக்கிறார், குணமாக்குவேன் என்று கர்த்தர் சொல்கிறார். என் அட்டை அதோடு முடிந்துவிட்டது. வேதம் முடியவில்லை. இரண்டு வசனம் தள்ளி, அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, ராஜாவின் புண் மேல் போட வைக்கிறார் ஏசாயா தீர்க்கதரிசி. அதற்குப் பிறகுதான் ராஜா பிழைக்கிறார்.

மருந்து! அதே அதிகாரத்தில்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாக்குக் கொடுத்த கர்த்தரே மருந்தையும் வைத்திருக்கிறார், அதை மறைத்து ஒளித்து வைக்க நான் யார்?

அப்போதே ஆட்டோ பிடித்துக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். “இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா கால எடுத்திருக்கணும்மா” என்று திட்டினார் டாக்டர். இரண்டு விரல்கள் போயின. கால் தப்பியது, ஆள் தப்பினார்.

வார்டில் இருந்த நாளெல்லாம், காலையில் ஒரு அதிகாரம் சத்தமாய் வாசித்தேன். அவர் படுத்துக்கொண்டே, “இத ஏன் ஆண்டவர் இப்படிச் சொல்லுதாரு? மேல வாசி” என்பார். வீட்டுக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை. காட்டுக்குப் போகுமுன் ஒரு அதிகாரம், முழுசாய். விளங்காததை ஆண்டவரிடமே கேட்கிறேன், சண்டையும் போடுகிறேன். முன்பு ஆண்டவர் எங்கேயோ இருந்தார். இப்போது அடுப்படியில் பக்கத்தில் இருக்கிறார்.

போன வாரம் அந்த ஊழியர் வந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து நடந்துபோய் நாற்காலி எடுத்துப் போட்டார்.

“பாத்தீங்களா சிஸ்டர், ஜெபம் கேக்கப்பட்டுச்சு! ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனத மட்டும் சொல்ல வேண்டாம், விசுவாசிகளுக்கு இடறலா இருக்கும்.”

“நான் மாத்திரைய ஒளிச்சு வச்சதச் சொல்லாம என்ன சாட்சி ஐயா?” என்றேன். ஊழியர் எழுந்து போய்விட்டார்.

அதனால்தான் ஒன்று விடாமல் சொன்னேன். அன்பானவர்களே, ஒற்றை வரியை நீட்டி யாராவது உங்களை மிரட்டினால், அந்த அதிகாரத்தைத் திறந்து முழுசாய் வாசியுங்கள். என் பேச்சையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் இருபதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்.