சிங்கம் போட்ட ஜேர்சி

யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்த சிவநேசன், 1986 மார்கழியில் சுவிஸ் நாட்டின் ஷாஃப்ஹவுசன் நகர உணவகமொன்றில் கோப்பை கழுவினான். குளிரில் அவன் நடுங்குவதைக் கண்டு ஜேர்சி தந்தவர் அங்கே சமையற்காரராக இருந்த டங்கன். ஸ்கொட்லாந்துக்காரர். தன்னூர்க் கால்பந்துக் கழகத்தை விட்டால் அவருக்கு வேறு பேச்சில்லை. அந்தக் கழகத்தின் தடித்த நீல ஜேர்சி. நெஞ்சில் எழுந்து நிற்கும் மஞ்சள் சிங்கம். குளிர் விட்டதே பெரிது என்று அதை மாட்டிக்கொண்டு, தான் தங்கியிருந்த அகதி விடுதிக்குப் போனான். அதுதான் பிழை.

குசினியில் சமைத்தபடி கதைத்துக்கொண்டிருந்தவர்கள் அவனைக் கண்டதும் வாயை மூடினார்கள்.

"வாரும் சிங்கத்தார்," என்றார் விடுதியில் மூத்தவரான உருத்திரமூர்த்தி. "கொடியில நிக்கேக்க கையில வாள் இருக்குமே, அதை எங்க விட்டிட்டு வந்தீர்?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிங்கக் கொடியோடு வந்த இலங்கை ஆமிதான் சிவநேசனின் வீட்டை எரித்தது. ஊரில் ஒருவனுக்கு 'ஆமியின் ஆள்' என்று பெயர் விழுந்தால், ஆயுத இயக்கங்கள் முதலில் சுடும்; விசாரணையெல்லாம் பிறகுதான். மனைவி பரமேஸ்வரியும் கைக்குழந்தையும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள்.

மறுநாளே ஜேர்சியைக் குப்பையில் போட்டான். அது இன்னும் மோசமாயிற்று. "மடியில ஒண்டும் இல்லாட்டி ஏன் ஒளிக்கிறான்?" என்றார்கள். அவன் வந்தால் பேச்சு நின்றது.

கடைசியில் டங்கனிடம் சொன்னான். மனிதர் ஞாயிறு பின்னேரம் விடுதிக்கே வந்து, கழகத்தின் பழைய கழுத்துத்துண்டுகள் மூன்றை மேசையில் விரித்தார். அவர் சொல்லச் சொல்ல, ஊரில் அரச அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஆங்கிலம் பழகிய உருத்திரமூர்த்தி தமிழில் சொன்னார். கழகத்தைத் தொடங்கியவர்கள் கப்பல் கட்டிய தொழிலாளர்கள்; முதற் சின்னம் கப்பல். பட்டறை மூடிய பிறகு, ஸ்கொட்லாந்தின் தேசியப் பூவான முட்பூ. அதன் பிறகே, தங்கள் நாட்டுப் பழைய அரசர்களின் சிங்கம்.

"கப்பலை எடுத்த அன்று என் அப்பா மைதானத்துக்குப் போவதை விட்டார். சாகும்வரை போகவில்லை," என்றார் டங்கன்.

"ஒரு படத்துக்காகவோ?" என்று கேட்ட ஒருவன், சிவநேசனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

உருத்திரமூர்த்தி டங்கனுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, சிவநேசனை வாசலுக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, குறை நினையாதையும். இப்ப விளங்குது. ஆனா..."

"என்னண்ணை?"

"போன கிழமை ஊருக்குக் கசெற் ஒண்டு பேசி அனுப்பினனான். உம்மட சிங்கக் கதையையும் அதில சொல்லிப்போட்டன்."

"ஆருக்கண்ணை?"

"மச்சானுக்கு. உம்மட மனிசி இருக்கிற வீட்டுக்கு ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான். கசெற் வந்தா அயலெல்லாம் கூடியிருந்து கேக்கும்."

சிவநேசன் ஓடிப்போய் ரேப் ரெக்கோர்டரை எடுத்துவந்து, புதுக் கசெற் போட்டு, அவர் முன்னால் வைத்தான்.

உருத்திரமூர்த்தி கப்பலிலிருந்து தொடங்கினார்.

"வடிவாச் சொல்லுங்கோ அண்ணை," என்றான் சிவநேசன். "அது டங்கன்ர நாட்டுச் சிங்கம் எண்டு திரும்பவும் சொல்லுங்கோ."

முதற் கசெற் அந்நேரம் எந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்ததோ, விடுதியிலிருந்த யாருக்கும் தெரியாது.